அன்றன்றைய மன்னா

நாளை என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாது. மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இந்த அறியாமை அவனோடு கூடவே வருகிறது. ஆயினும் வாழ்க்கை சீராக ஓடும்வரை அது நம்மை உறுத்துவதில்லை. மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கும்போது, ஆட்குறைப்பு பற்றிய பேச்சு அலுவலகத்தில் உலவும்போது, தொலைவில் இருக்கும் பிள்ளையிடமிருந்து நான்கு நாட்களாகத் தகவல் வராதபோதுதான், 'எனக்கு எதுவுமே தெரியாதே' என்ற உண்மை நெஞ்சில் கல்லாக வந்து அமர்கிறது.

அத்தகைய வேளைகளில் ஆசிரமத்திற்கு வரும் அன்பர்கள் வெவ்வேறு சொற்களில் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "சுவாமி, நாள் தவறாமல் பாராயணம் செய்கிறேன், ஜபம் செய்கிறேன். இருந்தும் பயம் போகவில்லை. எனக்கு இறைநம்பிக்கை போதவில்லையா?"

இக்கேள்வியைச் சிந்திப்பதற்கு அடியேனுக்குப் பெரிதும் துணைநின்ற நூல் பைபிள். மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டு அதைக் கையில் எடுத்தேன். பணி முடிந்த பின்னும் வாசிப்பு நிற்கவில்லை. பல ஆண்டுகளாக, காலை ஜபதியானத்திற்குப் பின்னர் அதிலிருந்து ஒரு சிறு பகுதியை வாசிப்பது நித்திய அனுஷ்டானங்களுள் ஒன்றாகிவிட்டது.

இந்து சமயத் துறவிக்குப் பைபிளில் என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். மகாத்மா காந்தி லண்டனில் மாணவராக இருந்தபோது பைபிளை வாசிக்கத் தொடங்கினார். பழைய ஏற்பாட்டின் சில பகுதிகள் தமக்குத் தூக்கத்தை வரவழைத்ததையும், இயேசுநாதரின் மலைப்பிரசங்கம் நேராக உள்ளத்தைத் தொட்டதையும் தமது சுயசரிதையில் ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். 1926ஆம் ஆண்டு குஜராத் வித்யாபீட மாணவர்களுக்கு அவர் புதிய ஏற்பாட்டை வாசித்து விளக்கினார். அதற்காகக் கண்டனக் கடிதங்கள் வந்தன. பிற சமய நூல்களை மரியாதையோடு கற்பது தம் சமயத்தின்மீது உள்ள பக்தியைக் குறைக்காது என்பதே அவரது நிலைப்பாடு. அந்த மரியாதையோடுதான் நாமும் இந்நூலை இங்கே அணுகுகிறோம்.

ஒரு நாளின் அளவு

பைபிளின் இரண்டாம் நூலாகிய யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இஸ்ரவேல் மக்கள் வனாந்தரத்தில் நடந்துகொண்டிருக்கின்றனர். புறப்பட்டு ஒரு மாதம் கடந்துவிட்டது. உண்ண எதுவுமில்லை. அடிமைகளாக இருந்தபோதாவது வயிறார உண்டோமே என்று மக்கள் முறுமுறுக்கின்றனர். நிச்சயமான அடிமைத்தனம், நிச்சயமற்ற விடுதலையைவிட அவர்களுக்கு இனிமையாகத் தோன்றுகிறது. நாமும் பலமுறை இப்படித்தான் எண்ணுகிறோம் அல்லவா?

மறுநாள் காலை பனி விலகியபோது, தரையெங்கும் உறைபனிபோல் சிறிய உருண்டையான ஒன்று கிடந்தது. அதைக் கண்ட மக்கள், இது என்ன என்று ஒருவரையொருவர் கேட்டனர். அந்தக் கேள்வியிலிருந்தே 'மன்னா' என்ற பெயர் வந்தது என்று அந்நூல் குறிப்பால் உணர்த்துகிறது. எத்தகைய பெயர் பாருங்கள்! நாற்பது ஆண்டுகள் அவர்களைக் காத்த உணவுக்கு ஒரு கேள்வியே பெயராயிற்று. அது என்னவென்று முழுதும் விளங்கிய பின்னர்தான் உண்போம் என்று அவர்கள் காத்திருந்திருந்தால் பட்டினியால் மடிந்திருப்பார்கள்.

மன்னாவைச் சேகரிப்பதற்கு ஒரு விதி இருந்தது. தலைக்கு ஓர் ஓமர், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு. அன்றைக்கு உரியதை அன்றே உண்ண வேண்டும். சிலர் மறுநாளுக்கென்று மீத்து வைத்தனர். விடிந்து பார்த்தபோது அது புழுத்து நாறியது. இதைப் படிக்கும் சிலர், சேமிப்பதே இறைவனுக்கு ஏற்காத செயல் என்று முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் அதே அதிகாரத்தில், ஓய்வுநாளுக்கு முந்தைய ஆறாம் நாளன்று இரட்டிப்பாகச் சேகரிக்கும்படி கட்டளை வருகிறது. அன்று எடுத்து வைத்தது கெடவில்லை. ஆகவே முன்யோசனை குற்றமன்று. காப்பீடு செய்வதும், பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் ஒதுக்குவதும் இல்லறத்தாரின் கடமை. இறைவன் நாளை தரமாட்டான் என்ற அச்சத்தால் சேர்த்து வைத்ததே புழுத்தது. ஒரே பொருள், ஒரே பாத்திரம். கட்டளைக்குப் பணிந்து வைத்தபோது உணவாக இருந்தது, அச்சத்தால் வைத்தபோது அழுகியது.

நம் மனமும் அத்தகைய பாத்திரம்தான். நாளைய துன்பத்தை இன்றே எடுத்துவந்து அதில் நிரப்புகிறோம். நாளைய துன்பத்தைத் தாங்கும் வலிமையோ நாளைதான் வரும். இன்றைய வலிமையைக் கொண்டு நாளைய பாரத்தைத் தூக்க முயல்வதால்தான் மனம் முறிகிறது. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இயேசுநாதர் தம் சீடர்களுக்குக் கற்பிக்கும் ஜபத்தில், உணவுக்கான வேண்டுதல் ஒரு நாளின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அங்கே உணவைச் சிறப்பித்து வரும் கிரேக்கச் சொல் மிகவும் அரிதானது. இன்றைக்கு உரியது, வரும் நாளுக்கு உரியது, உயிர்வாழத் தேவையானது என்று அறிஞர்கள் அதற்குப் பலவாறாகப் பொருள் கொள்கின்றனர். எப்பொருள் கொண்டாலும், ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை ஒரேயடியாகக் கேட்கும் ஜபமாக அது இல்லை. நாளைக்கு வேண்டியதைக் கேட்க நாளையும் இறைவன்முன் வந்து நிற்க வேண்டும். ஒருவேளை அப்படி நாள்தோறும் வந்து நிற்பதே நமக்கு அளிக்கப்படும் முதல் உணவாக இருக்கலாம்.

மோசேயின் கைகள்

இனி 'நம்பிக்கை' என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழ்ப் பைபிளில் பெரும்பாலும் 'விசுவாசம்' என்று வரும் கருத்துக்கு எபிரேய மூலத்தில் உள்ள சொற்களுள் ஒன்று 'எமூனா'. உறுதியாக நிற்றல், நிலைபெறுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஜபத்தின் முடிவில் கிறிஸ்தவர்கள் கூறும் 'ஆமென்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தது.

இந்தச் சொல் பைபிளில் முதன்முதலாக எங்கே வருகிறது என்று தேடிச் சென்றபோது ஒரு வியப்பு காத்திருந்தது. தத்துவ விளக்கத்திலோ வழிபாட்டிலோ அது முதலில் வரவில்லை. ஒரு முதியவரின் களைத்த கைகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் வருகிறது. யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் அமலேக்கியருடன் போர் நடக்கிறது. மோசே குன்றின்மேல் நின்று கைகளை உயர்த்தியிருக்கும்வரை அவரது மக்கள் வெல்கின்றனர். கைகள் தாழ்ந்தால் பின்வாங்குகின்றனர். நேரம் செல்லச் செல்ல அவரது கைகள் தளர்கின்றன. அப்போது ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அமரச் செய்து, ஆளுக்கொரு புறமாக நின்று கைகளைத் தாங்குகின்றனர். சூரியன் மறையும்வரை மோசேயின் கைகள் உறுதியாக நின்றன என்று கூறுமிடத்தில் வரும் சொல்தான் 'எமூனா'.

அக்கைகளில் சோர்வு இருந்தது, வலி இருந்தது, நடுக்கமும் இருந்திருக்கும். ஆனாலும் அவை தாழவில்லை. நம்பிக்கை என்பதை நாம் ஓர் உணர்ச்சியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். நெஞ்சில் இதமான அமைதி இருந்தால் நம்பிக்கை இருக்கிறது, கலக்கம் வந்தால் அது போய்விட்டது என்று கணக்கிடுகிறோம். மோசேயின் கைகள் வேறு கணக்கைச் சொல்கின்றன. கலங்கிய மனத்தோடும் அன்றைய கடமையைச் செய்து முடிப்பவன், பயத்தோடும் ஜபமாலையைக் கீழே வைக்காதவன் எமூனா உடையவன். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் தாமாகவே தாங்கிக்கொள்ளவில்லை, இருவர் தாங்கினர். பிறர் தாங்கியதால் அந்த உறுதி குறைந்த உறுதியாகிவிடவில்லை.

ஆபகூக் என்னும் தீர்க்கதரிசியின் சிறு நூலிலும் இச்சொல் வருகிறது. அநீதி பெருகிக் கிடக்க, கல்தேயரின் படையெடுப்பு நாட்டை அச்சுறுத்திக்கொண்டிருந்த காலத்தில், இறைவன் ஏன் வாளாவிருக்கிறான் என்று கேட்டவர் அவர். நேர்மையுள்ளவன் தன் எமூனாவினாலேயே வாழ்வான் என்பதே அவருக்குக் கிடைத்த விடையின் சாரம். படையெடுப்பு நிகழாது என்ற உறுதிமொழி அவருக்குக் கிடைக்கவில்லை. நூலின் இறுதியில் அத்தியும் திராட்சையும் ஒலிவமும் பொய்த்து, வயல் விளையாமல், ஆட்டுக்கிடையும் மாட்டுத்தொழுவமும் வெறுமையாகிப் போவதை அவர் வரிசையாக எண்ணிப் பார்க்கிறார். அப்படி நேர்ந்தாலும் இறைவனிடத்தில் களிகூர்வேன் என்று முடிக்கிறார். இழப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்காமல், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணிய பிறகு பிறந்த நம்பிக்கை அது.

முறையீடும் நம்பிக்கையே

சில ஆண்டுகளுக்கு முன்பு அடியேனின் வலக்கண்ணில் ஒரு கோளாறு ஏற்பட்டது. அச்செழுத்தின் வரிகள் நடுவில் வளைந்து தெரிந்தன. ஒரு பக்கத்தின் மையத்தில் எப்போதும் ஒரு சாம்பல் நிறத் திட்டு. விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர் கோத்திருப்பதாக மருத்துவர் கூறினார். "பெரும்பாலும் தானே வற்றிவிடும். வற்றாமலும் போகலாம். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். எழுத்தையே தொழிலாகவும் தவமாகவும் கொண்டவனுக்கு அந்த மூன்று மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேசைமீது பாதியில் நின்ற ஒரு மொழிபெயர்ப்பு. அதை யார் முடிப்பார்கள் என்ற எண்ணமே இரவுகளில் சுழன்றுகொண்டிருந்தது.

கண்ணுக்குச் சிரமம் தராதிருக்க, காலை வாசிப்புக்கென இளம் பிரம்மசாரி ஒருவர் வந்து உரக்கப் படிப்பார். அவருக்குச் சங்கீதங்கள் பிடிக்கும். நாளுக்கு ஒன்று என்று வரிசையாகப் படித்தார். மொத்தம் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களும் முறையீடுகளும்தான் என்பதைப் புத்தக அறிவாக முன்பே அறிந்திருந்தேன். காதால் கேட்டபோதுதான் அதன் பொருள் விளங்கியது. 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள் கொண்டது. அதன் முதல் இரண்டு வசனங்களில், எவ்வளவு காலம்தான் இப்படி என்று இறைவனை நோக்கி நான்கு முறை கேள்வி எழுகிறது. முடிவை நெருங்கும்போது அதே நாவு துதியாக மாறுகிறது. இடையில் சூழ்நிலை மாறியதாக ஒரு சொல்லும் இல்லை. 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமும் கிடையாது. இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இடம்பெற்றுள்ளது; அதையும் ஜபமாக ஓதும்படி முன்னோர்கள் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

முறையிடுபவன் இறைவனை விட்டு அகன்றவனாகான். யாரும் இல்லாத வெற்றிடத்தை நோக்கி எவரும், நீ ஏன் மறந்தாய் என்று கேட்பதில்லை. குழந்தை அழுவது, தாய் அருகில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையினால்தானே? சிலுவையில் இயேசுநாதரின் வாயிலிருந்து எழுந்ததாக மத்தேயுவும் மாற்கும் எழுதியிருக்கும் குரலும் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமாகிய முறையீடுதான். பயமே இல்லாதவர்போல் நடித்துக்கொண்டு இறைவன்முன் நிற்க வேண்டியதில்லை என்ற அந்த ஒரு செய்தி, அம்மாதங்களில் எந்த ஆறுதல் மொழியையும்விட அடியேனுக்கு ஆறுதலாக இருந்தது.

கண்ணில் நீர் பெருமளவு வற்றியது. ஆயினும் மெல்லிய திட்டு ஒன்று இன்றும் எஞ்சியிருக்கிறது. மீண்டும் வரலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே 'நம்பினேன், குணமானேன்' என்று கூறுவதற்கு என்னிடம் கதை ஏதுமில்லை. நாளுக்கு ஒரு சங்கீதம் வீதம் அந்த மூன்று மாதங்களும் கடந்தன என்று மட்டுமே சொல்ல முடியும். அவ்வாறு கடந்ததே போதுமான அருள் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

குறி பார்க்கும் நூலா?

நிச்சயமின்மை நம்மை வாட்டும்போது சாஸ்திரத்தைக் குறி கேட்கும் கருவியாக்கும் ஆசை எழுகிறது. பைபிளைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தையே எதிர்காலத்தின் அறிவிப்பாகக் கொள்பவர்கள் உண்டு. திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டினர் அறிவர். பக்தியோடும் பணிவோடும் வழிகாட்டல் வேண்டுவதைப் பழித்துக் கூற நான் வரவில்லை. எதற்காக வேண்டுகிறோம் என்பதில்தான் எச்சரிக்கை தேவை.

புனித அகஸ்டினின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அவர் மனப்போராட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்துப் படிக்கச் சொல்லும் ஒரு குழந்தைக் குரல் அயலிலிருந்து கேட்டது. அவர் பவுலின் நிருபங்களைத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியைப் படித்தார். அது ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம். நாளை என்ன நடக்கும் என்று அது அவருக்குச் சொல்லவில்லை. போக வாழ்வை விட்டுவிடு என்று இன்றைய கடமையைச் சொன்னது. உண்மையான வழிகாட்டல் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. நாம் நாளையைப் பற்றிக் கேட்கிறோம். வேதமோ இன்றைப் பற்றி விடையளிக்கிறது.

வேறொரு வகை வாசிப்பையும் பைபிள் காட்டுகிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் சோதனைக்காரன் இயேசுநாதரை ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதிக்கச் சொல்கிறான். தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு 91ஆம் சங்கீதத்தையே சான்று காட்டுகிறான். சாத்தானும் வேதத்தை மனப்பாடமாக அறிந்திருக்கிறான்! இயேசுநாதர் உபாகமத்தைக் கொண்டு, இறைவனைச் சோதிப்பது தகாது என்று மறுத்துவிடுகிறார். இறைவனின் வாக்குறுதியை ஓர் ஒப்பந்தப் பத்திரம்போல் நீட்டி, இதன்படி நடந்துகாட்டு என்று கேட்பது சோதனைக்காரனின் வாசிப்பு. அவ்வாறு வாசிப்பவர் தாம் கேட்டது நடக்காத நாளில் வேதத்தையே தூக்கி எறிந்துவிடுவார்.

ஹெர்ன்ஹூட்டின் வசனக் கிண்ணம்

தினசரிப் பைபிள் வாசிப்பின் வரலாற்றில் சிறப்பான இடம் பெற்ற ஊர் ஒன்று உண்டு. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள ஹெர்ன்ஹூட் அது. சமயக் காரணங்களுக்காக ஒடுக்கப்பட்டு மொராவியாவிலிருந்து வெளியேறிய அகதிகள், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722இல் அமைத்த குடியிருப்பு. அந்தப் பிரபு, ஹாலே நகரப் பள்ளியில் பயின்ற சிறுவயதிலேயே தரங்கம்பாடியில் நடந்துவந்த பணியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர். அதே தரங்கம்பாடியில்தான் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டு அச்சாகி நிறைவுற்றது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடும் அதுவே.

1728ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் மாலை, மறுநாளுக்கென ஒரு சிறு வாக்கியத்தைச் சின்சென்டார்ஃப் தம் மக்களுக்கு வழங்கினார். அதன்பின் ஒவ்வொரு காலையும் ஒருவர் வீடுவீடாகச் சென்று அன்றைய வாக்கியத்தைக் கூறி, குடும்பத்தாரின் நலத்தையும் விசாரித்து வருவார். 1731இலிருந்து அது ஆண்டுதோறும் நூலாக அச்சாகிறது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டிலிருந்து தேர்ந்த சுமார் 1,800 வசனங்கள் ஒரு கிண்ணத்தில் இடப்பட்டு, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டு எடுக்கப்படுகிறது. அதற்கு இயைந்த புதிய ஏற்பாட்டு வசனம் பின்னர் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சீட்டு எடுப்பது உரிய ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றாண்டுகள் முன்னதாகவே நடந்துவிடுகிறது. எடுப்பவருக்கு அந்த நாள் எப்படி விடியும் என்பது தெரியாது. அவ்வசனம் எந்தத் தனிமனிதனின் கேள்விக்கும் விடையாக எடுக்கப்படுவதும் இல்லை. பிறப்பு நிகழ்ந்த வீட்டிலும் மரணம் நிகழ்ந்த வீட்டிலும் அன்று ஒரே வசனம்தான்.

இந்த நூலைத் தம் வாழ்நாளின் இறுதிவரை கைவிடாதவர்களுள் ஒருவர் டீட்ரிச் போன்ஹோபர் என்னும் ஜெர்மானிய இறையியலாளர். 1906இல் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சியைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர். 1934இல் காந்திஜிக்குக் கடிதம் எழுதி, அவரோடு தங்கிக் கற்க விரும்பினார். காந்திஜியும் வரவேற்று விடை எழுதினார். ஆனால் அப்பயணம் கைகூடவில்லை.

1939 ஜூன் மாதம், போர் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், நண்பர்கள் அவரைப் பாதுகாப்பாக நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டனர். அங்கே பணியும் காத்திருந்தது. ஆனால் அவர் மனம் அமைதியடையவில்லை. ஜூன் 20ஆம் நாள் அப்பணியை ஏற்க மறுத்துவிட்டார். ஏன் இம்முடிவை எடுத்தோம் என்பது தமக்கே முழுவதும் தெளிவாக இல்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். ஆறு நாட்கள் கழித்துப் பைபிளை வாசிக்கையில், தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் இறுதிப் பகுதி தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. குளிர்காலம் வருமுன் வந்துசேரும்படி முதிய பவுல் தம் சீடரை வேண்டும் இடம் அது. அந்தச் சிறு வேண்டுகோள் நாள் முழுவதும் அவரைப் பின்தொடர்ந்தது. ஜூலை மாதத் தொடக்கத்தில் கப்பலேறித் தாய்நாடு திரும்பினார். செப்டம்பர் 1ஆம் நாள் போர் மூண்டது.

இங்கே வரிசையை உற்றுநோக்க வேண்டும். வசனம் முடிவெடுத்துத் தரவில்லை. முடிவு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. முழுத் தெளிவின்றி, நடுக்கத்தோடு அடியெடுத்து வைத்தவருக்கு அது வழித்துணையாக வந்தது. நாள்தோறும் வாசித்துவந்த பழக்கம் இல்லாதிருந்தால் அந்தச் சொல் அவரைக் கண்டடைந்திருக்காது.

1943 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டு பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். பல ஆண்டுகளாகச் செய்துவருவதுபோலவே நாள்தோறும் சங்கீதங்களை வாசித்து வருவதாகப் பெற்றோருக்கு எழுதினார். ஹிட்லரைக் கொல்லும் முயற்சி 1944 ஜூலை 20 அன்று தோல்வியுற்றது. தம் வாழ்வும் இனி எண்ணப்பட்ட நாட்களே என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். மறுநாள் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அவ்விரு நாட்களுக்கும் உரிய வசனங்களை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். அவற்றுள் ஒன்று இறைவனை மேய்ப்பனாகப் பாடும் 23ஆம் சங்கீதத்தின் தொடக்கம்.

இத்தகையவருக்குப் பயமே இருந்திருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. அவரைக் கண்டவர்கள் அவரது அமைதியை வியந்தனர். அவரோ அதே 1944ஆம் ஆண்டு சிறையில் எழுதிய 'நான் யார்?' என்ற கவிதையில், வெளியே தெரியும் அந்த அமைதிக்கும் உள்ளே தாம் படும் தவிப்புக்கும் இடையில் உள்ள தூரத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பயம் போகவில்லையே என்று வருந்தும் அன்பர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பயம் இருந்தது, அதற்கிடையில் வாசிப்பும் நடந்தது. பயம் நீங்கிய பின் வாசிப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை.

1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. பவேரியாவின் ஷோன்பெர்க் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் அடைக்கப்பட்டிருந்த சக கைதிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் ஒரு சிறு வழிபாட்டை நடத்தினார். அன்றைய நாளுக்குரிய ஏசாயா 53, 1 பேதுரு 1 ஆகியவற்றின் வசனங்களை விளக்கினார். ஒன்று துன்புறும் இறையூழியரைப் பற்றியது; மற்றொன்று உயிருள்ள நம்பிக்கைக்குப் புதிதாய்ப் பிறப்பதைப் பற்றியது. வழிபாடு முடிந்த சற்று நேரத்தில் அவரை அழைத்துச் செல்ல ஆட்கள் வந்தனர். மறுநாள் விடியலில் ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

வாசிப்பு அவரைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றவில்லை. இதை மறைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் கடைசி நாளன்றும் அவர் கையில் பிறருக்குப் பகிர்ந்தளிக்க அன்றைய மன்னா இருந்தது. இறைவனை நம்புவதால் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், இந்த அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்ல இயலும்: எந்த நாளும் வெறுங்கையோடு விடியாது.

வாசிக்கும் முறை

எந்த வேதமானாலும் நாள்தோறும் வாசிக்க விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்.

நேரத்தை முன்கூட்டியே நிச்சயித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளும் கைப்பேசியும் நாளைய அச்சங்களை மனத்தில் கொண்டுவந்து கொட்டுவதற்கு முன்னர் வாசித்துவிடுவது நல்லது. மனம் ஈடுபடுகிறதா என்று ஆராய்ந்துகொண்டு காத்திருக்க வேண்டாம். பசியற்ற நாளிலும் வேளைக்குச் சிறிது உண்கிறோம் அல்லவா?

அளவு சிறிதாக இருக்கட்டும். ஃபிங்கன்வால்டேயில் போன்ஹோபர் இளம் போதகர்களைப் பயிற்றுவித்தபோது, ஒரே சிறு பகுதியை ஒரு வாரம் முழுவதும், நாளுக்கு அரைமணி நேரம் மௌனமாகத் தியானிக்கச் செய்தார். பக்கங்களை எண்ணி முடிப்பவருக்குப் புத்தகம் முடியும், அவ்வளவே.

வரிசையாக வாசியுங்கள். நமக்குப் பிடித்த ஆறுதல் மொழிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், வேதம் நம் விருப்பங்களின் எதிரொலியாகிவிடும். விளங்காத பகுதியும் வரும், உறுத்தும் பகுதியும் வரும். 'இது என்ன?' என்ற கேள்வியோடு அதையும் பெற்றுக்கொள்ளுங்கள். மன்னாவை அப்படித்தான் உண்டார்கள்.

வாசித்து முடித்ததும், இன்று நான் செய்ய வேண்டியது எது என்று மட்டும் கேளுங்கள். நாளை என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே விடை தேடாதீர்கள். 119ஆம் சங்கீதத்தின் ஆசிரியர் இறைவாக்கைக் காலடிக்கு விளக்காகக் காண்கிறார். அவர் அறிந்த விளக்கு எண்ணெயும் திரியும் கொண்ட சிறு அகல். அதன் ஒளி ஊரின் எல்லையைக் காட்டாது. அடுத்த அடியை வைக்கும் இடத்தைக் காட்டும். அந்த அடியை வைத்த பிறகுதான் அதற்கடுத்த இடம் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, வழி முழுவதும் தெரியவில்லையே என்று வருந்துபவருக்கு விளக்கின் பயன் கிட்டாது.

இறுதியாக, ஆரோனையும் ஊரையும் மறவாதீர்கள். கைகள் தளரும் நாட்கள் அனைவருக்கும் வரும். வாசிக்க மனமில்லாத நாளில் அருகில் அமர்ந்து வாசிக்க ஒருவரைக் கேளுங்கள். உங்கள் கைகள் வலுவாக இருக்கும் நாட்களில், காத்திருக்கும் ஒருவரின் அருகே சென்று அமருங்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்திலும், வேலையிழந்தவரின் வீட்டுத் திண்ணையிலும் விளக்கவுரைகள் தேவைப்படுவதில்லை. ஒரு சங்கீதத்தை மெல்ல வாசித்துவிட்டு மௌனமாக உடனிருப்பது போதும். ஹெர்ன்ஹூட்டில் வசனத்தைச் சுமந்து வீடுவீடாகச் சென்றவர் நலமும் விசாரித்தார் என்பது சிறிய செய்தியன்று.

நாளை நம் கையில் இல்லை. இன்று காலை நமக்கென வைக்கப்பட்டிருக்கும் ஒரு பங்கோ நம் வாசலிலேயே இருக்கிறது. குனிந்து எடுப்பது மட்டுமே நம் பணி. அந்தப் பணிவையும், எடுத்ததைப் பகிர்ந்துண்ணும் மனத்தையும், தெரியாத வழியிலும் அடுத்த அடியை வைக்கும் உறுதியையும் எல்லாம்வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக.